எலும்பு சுற்ற வேட்டி

புனே, 8.6.1998

அன்புள்ள உங்களுக்கு, விசாலத்தின் நமஸ்காரம். இருமல் நின்றதா? குட்டி ராத்திரியில் என்னைத் தேடுகிறாளா?

நான் சௌக்கியம். பயப்பட ஒன்றுமில்லை. ஆற்றங்கரையில் தோண்டியெடுத்த, கல்லாய்ப்போன யானை எலும்புகளுக்கு நீங்கள் தந்த மைப்பேனாவால் சீட்டு எழுதிக் கட்டினேன். நேற்று மழையில் அத்தனை எழுத்தும் கரைந்துவிட்டது. “பென்சில் நஹீ தா க்யா?” பென்சில் இல்லாமலா போயிற்று என்று எங்கள் குழுத் தலைவர் குல்கர்ணி சார் கத்தினார். எந்த எலும்பு எந்தக் குழியில் கிடைத்தது என்று யோசித்து யோசித்து, உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை.

எலும்புகளைச் சுற்றிவைக்க மெத்தென்ற துணி போதவில்லை. உங்கள் பழைய வேட்டிகளைத் துவைத்து பார்சலில் அனுப்புங்கள்.

ஜீப்காரர் ஹாரன் அடிக்கிறார். வேட்டிகளில் ஒன்றை மட்டும் துவைக்காமல் தனியாகக் கட்டி வையுங்கள். அது எலும்புக்கு இல்லை.

விசாலம்