மறைந்த பாடகரின் பிறந்தநாள்

சின்னு,

இன்று எனக்கும் உன் டிரம்ஸ் மாமாவுக்கும் பிறந்தநாள். ஒரே தேதியில் பிறந்த பாவத்துக்கு, ஊரே எங்கள் பாட்டைப் பாடிய காலத்திலிருந்து ரேடியோக்காரர்கள் இருவரையும் சேர்த்தே வாழ்த்துவார்கள். இந்த வருஷம் அறிவிப்பாளப் பெண் ஆளை மாற்றிவிட்டாள். போன மாதம் போய்ச் சேர்ந்த மாமாவை நீடூழி வாழ்க என்று வாழ்த்திவிட்டு, "மறைந்த பாடகர்" என்று சொல்லி என் பாட்டைப் போட்டாள். பாட்டு நன்றாகத்தான் இருந்தது.

திருத்தச் சொல்லி நான் கூப்பிடவில்லை. காரில் நீ அந்த ரேடியோவைத்தான் கேட்பாய், உடனே கூப்பிடுவாய் என்று போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குளிக்கக்கூடப் போகவில்லை.

சாயங்காலம் ஒரே ஒரு தடவை போன் அடித்தது. மாமாவின் மனைவி, உன் அத்தை.

"அண்ணா, ரேடியோவுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா."

"சொல்லாதீங்கண்ணா. இன்னைக்கு ஒரு நாளாவது அவர் இருந்துட்டுப் போகட்டும்."

சரி என்றேன். அதில் எனக்கொன்றும் நஷ்டமில்லை. நான் போய்விட்டேன் என்று கேட்டு அழுதுகொண்டு யாரும் வந்துவிடவில்லை.

நீ இன்று காரை எடுத்திருக்க மாட்டாய். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் இருக்கிற,
அப்பா