கைத்தட்டுக்கு ஒரு தனி டிராக்கு

ஜெரி,

நெத்திலி கொழம்பு அடுப்பு மேல கீது. ஹார்பர்ல நைட் டூட்டி முடிஞ்சு வந்த கையோட லேப்டாப் முன்னாடி குந்திக்காம, மொதல்ல சுடவெச்சு துன்னு. நீ போட்ட பாட்டை வாங்க சர்ச்சு கொயர்லேர்ந்து சாவியோ அண்ணன் வருவாரு. மாடி சாவி கீழ்வூட்டு நீலாக்கா கிட்ட கீது.

ஜல்லுங்கற சிம்பல் சத்தத்தைக் கொறச்சா மொத்த டிரம்ஸும் கொறையுதுன்னு, மணலி கம்பெனில வேலையில இருந்த எனக்கு நேத்து போன் போட்டு கத்துனியே. எல்லா சத்தத்தையும் ஒரே டிராக்குல வுட்டா அப்பிடித்தான் ஆவும். யூடியூப் பாத்து கத்துகினு, டிரம் மெஷின்ல கிக், ஸ்நேர், சிம்பல் ஒவ்வொண்ணையும் மிக்ஸர்ல தனித்தனி டிராக்குக்கு அனுப்பிட்டேன். இனிமே எதை வேணா தனியா ஏத்து, எறக்கு. என்மேல எரிஞ்சு வுழாதே.

அந்த டிரம் மெஷினோட கடேசி பட்டன்ல ஒரு கைத்தட்டு கீது. கல்யாணமான புதுசுல இதே அடுப்பங்கரையில நம்ம ரெண்டு பேரும் சேந்து தட்டி ரெகார்ட் பண்ணது. அதை மியூட்ல போட்டு வெச்சிருக்கே. அதுக்கும் ஒரு டிராக்கு குடுத்துட்டேன்.

ஷைனி

பி.கு.: அந்தக் கைத்தட்டை மட்டும் போட்டுக் கேட்டேன். முடியற எடத்துல நீ சிரிக்கிறே. அப்பால மறுபடியும் மியூட் பண்ணிட்டேன். ஞாயித்துக்கெழம ரெண்டு பேருக்கும் லீவு. அதுவரைக்கும் நீயும் தனியா கேக்காதே.