கலா கூப்பிடவில்லை

செவ்வாய்க்கிழமை, இரவு.

தூக்கம் வரவில்லை. கலா இன்றுதான் முதல் தடவையாக, அம்மா கையைப் பிடிக்காமல், கிள்ளானிலிருந்து எங்கள் பிரிக்பீல்ட்ஸ் பயிற்சி மையத்துக்கு ரயில் ஏறினாள். முப்பது வயது. அறிவுத்திறன் குறைபாட்டால் எதையும் மெதுவாகத்தான் கற்பாள். அவள் அம்மா லெட்சுமி அக்காவும் நானும் அடுத்த பெட்டியில் உட்கார்ந்திருந்தோம். கலா கூப்பிட்டால் மட்டுமே போக வேண்டும் என்று விதி வைத்தது நான்தான்.

ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே கலா இறங்கிவிட்டாள். நான் பதறி எழுந்தேன். அக்கா என் மணிக்கட்டை இறுகப் பிடித்து இழுத்தார்.

"உக்காருங்க டீச்சர். அவ கூப்பிடல லா."

கதவு மூடிக்கொண்டது. கலா பிளாட்பாரத்திலேயே நின்றாள். கலாவை அழைக்க நான் போனை எடுத்தேன். அதற்கும் அக்கா வேண்டாமென்று தலையசைத்தார்.

மையத்துக்குப் பக்கத்து ஸ்டேஷனான சென்ட்ரலில் இறங்கிக் காத்திருந்தோம். அடுத்த ரயிலில் கலா வந்து இறங்கினாள்.

"சீக்கிரம் எறங்கிட்டேன்மா. போர்டு பாத்தேன். அடுத்த ரயில் ஏறி வந்துட்டேன்."

"சரி, பசிக்குதா?" என்றார் அக்கா, தினமும் கேட்பதுபோல.

விதி போட்ட எனக்கு அந்தத் தைரியம் இல்லை. அவருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே விளக்கடியில் மணிக்கட்டைப் பார்த்தேன். அவர் நகம் பதிந்த இடம் இன்னும் சிவந்திருக்கிறது.