என் மணிக்கட்டில் உன் அகில்

என் குரலை ஊருக்கெல்லாம் கேட்கவைத்த தம்பியே!

உன் அகில் நறுநெய்க் குப்பியை இன்று எடுத்துப் பூசிக்கொண்டேன். கேளாமல் எடுத்ததைப் பொறுத்துக்கொள். தியாகராயநகர் நடைபாதைக் கடையில் மலிவாய்க் கிடைக்கிறதென்று நீ வாங்கி வருவாயே, வாயில் சின்னக் குண்டு உருளும் அந்த விரலளவுக் குப்பிதான். நீ அதை ‘ஊத் சென்ட்டு’ என்பாய். ‘அகில் என்று சொல்லடா’ என்று நான் திருத்துவேன்.

“பேரு இன்னாவா வேணா இருக்கட்டும்ணே. தடவுன ஒடனே மோந்துட்டு மூஞ்ச சுளிக்காத. அர மணி சும்மா இருந்து பாரு. எங்க, நீதான் அர மணி வாய மூட மாட்டியே!” என்று சிரிப்பாய்.

இன்று மூடினேன், தம்பி.

நீ போய் இருபது நாள் ஆகிறது. கொட்டிவாக்கத் திடலில் நான் முழங்கிக்கொண்டிருந்தபோது, மேடைக்குப் பின்னால் உன் ஒலிபெருக்கிப் பெட்டிகளின் அருகே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாய். நான் பேசி முடிக்கும்வரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நீயே என்னை அழைத்திருந்தாலும், நீ கட்டிய ஒலிபெருக்கியில் என் குரலே உன் குரலை மூடியிருக்கும். இதை எந்த மேடையில் ஏறிச் சொல்வேன்?

அப்போது அம்மா இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்தார். அறுவை முடியட்டும், பிறகு சொல்லலாம் என்றார்கள். ‘சின்னவன் வெளியூர்த் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டப் போயிருக்கிறான்’ என்றோம். அறுவை முடிந்தது. மந்தைவெளி வீட்டுக்கு அம்மாவோடு அந்தப் பொய்யும் வந்து சேர்ந்துவிட்டது.

பார்வை போன நாள்முதல் அவருக்கு நண்பகல் உணவை நீதானே ஊட்டுவாய்? ‘சின்னவன் வரட்டும்’ என்று வீடு வந்த இரண்டு நாளாய் வாயை இறுக்கிக்கொண்டார். “ஏதாச்சும் பண்ணுங்க. அத்த ஒடம்பு தாங்காது” என்று உன் அண்ணி அழுதாள். அதனால்தான் உன் குப்பியை எடுத்தேன். காலடி ஓசைக்கு முன்னே உன் மணத்தைக்கொண்டுதானே அவர் உன்னை அறிவார்?

மணிக்கட்டில் உருட்டியதும் மருந்துபோல் மூக்கைக் குத்தியது. அந்த நெடி அடங்குமுன் போய் அருகில் அமர்ந்தேன்.

“வந்துட்டியா நைனா?”

‘உம்’ என்றுகூடச் சொல்லவில்லை. சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

“ஏன் பேச மாட்டேன்ற? ஊரெல்லாம் மைக்கு கட்டி உன் தொண்ட கட்டிக்கிச்சா?” என்று தம் கேலிக்குத் தாமே சிரித்தார். சோற்றைப் பிசைந்து ஊட்டினேன். நான்கு வாய் உண்டார். ஐந்தாவதும் உண்டார்.

ஆனால் அகில் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. நெடி தணிந்து சற்றே ரோசாப்பூ எழுந்தது. அதுவும் கரைந்து அடிமரத்தின் மணம் வெளிவந்தது. உன் தோலில் அந்த மரம் வெயிலில் காய்ந்த பலகைபோல் இனிதாய்ச் சூடேறும். என் தோலிலோ நனைந்த சாக்குப்போல் புளித்தது. எழுந்துபோய் மீண்டும் பூசி வரலாமா என்று எண்ணுவதற்குள், அம்மா என் கையைப் பற்றி மூக்கருகே கொண்டுபோனார். நெடுநேரம் முகர்ந்தார்.

“அவன் மேல இது இனிக்கும். உன் மேல புளிக்குது, பெரியவனே.”

மறு கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன்.

“எதுக்குடா அவன் சென்ட்ட போட்டுகினு வந்தே?” என்று கேட்டுவிட்டு, விடையை அவரே தேடுவதுபோல் என் விரல்களை ஒவ்வொன்றாய்த் தடவினார். பிறகு கையை விட்டார். “போ. சோப்பு போட்டு கழுவிக்கினு உன் வாசனையோட வா. வந்து சொல்லு.”

மூன்று முறை கழுவினேன். மற்றவை போயின, அடிமரம் போகவில்லை. திரும்பி வந்தபோது மாத்திரை அயர்வில் உறங்கியிருந்தார். உறங்குகிறாரா, எனக்காகக் கண்மூடிக் கிடக்கிறாரா? அறியேன். கட்டிலருகே அமர்ந்து இம்மடலை எழுதுகிறேன்.

மூன்று மணி நேரம் நில்லாமல் பேசுவேனே, ‘தம்பி இல்லையம்மா’ என்னும் இரண்டு சொல் ஏன் எழவில்லை? எந்த உவமையில் தொடங்குவது? எந்த அடுக்குமொழி இதைத் தாங்கும்? நீ இருந்திருந்தால் பின்னாலிருந்து ஒலியைக் குறைத்துவிட்டு, “மெதுவா சொல்லுண்ணே, கேக்கும்” என்றிருப்பாய்.

மெதுவாகவே சொல்வேன், தம்பி. இன்றே சொல்வேன். உன் குப்பியை இனி என் தோலில் பூச மாட்டேன். அது அம்மாவின் தலையணையருகே இருக்கும். அவர் கேட்கும்போது திறந்து மூக்கருகே பிடிப்பேன். வேறொன்றும் எனக்குச் செய்யத் தெரியவில்லை.

இதோ, அவர் கை அசைகிறது. என் கையைத் தேடுகிறது. போகிறேன்.

அரைமணி நேரம்கூட நீயாக இருக்க முடியாத,
உன் அண்ணன்