ஜன்னலில் வைக்காத முழங்கை

ஆகஸ்ட் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம் என்று எழுதினால் அது பொய். உடல் அறுத்துப் படிக்கும் வகுப்பில் முதல் நாளே மயங்கி விழுந்தேன். தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். எட்டுப் பேருக்கு ஓர் உடல். எங்கள் மேசையில் இருப்பவரைப் 'பெரியவர்' என்று கூப்பிடுகிறோம். முதலில் கை, பிறகு நெஞ்சு, தலை கடைசியில்தான். அதுவரை முகத்தை ஈரத்துணியால் மூடி வைத்திருப்பார்களாம். எத்தனை சோப்புப் போட்டாலும் மருந்து நெடி விரலை விட்டுப் போவதில்லை. சோறு இறங்கவில்லை. எனக்கு இந்தப் படிப்பு ஒத்துவராது அப்பா. வீட்டுக்கு வந்துவிடட்டுமா?

உங்கள் மகள்


ஆகஸ்ட் 17

என் வாயாடிக்கு,

நீ திரும்பி வந்தால் உன் அம்மா உன்னை ஒன்றும் செய்யமாட்டாள். என் தோலைத்தான் உரிப்பாள். நான் முதன்முதலில் பஸ் எடுத்த அன்று டிப்போ மதிலை இடித்தேன். இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்கள். ஆனாலும் மறுநாள் அதே வண்டியைத்தான் எடுத்தேன். பெரியவரும் யாரோ ஒரு பிள்ளைக்கு அப்பாதான். மனசுக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடு.

இங்கே புதிதாக ஒன்று. ஜன்னல் பக்கத்துக் கையில் சுண்டுவிரல் மரத்துப்போகிறது. தோளும் குடைகிறது. டாக்டரம்மா என்ன சொல்கிறீர்கள்? இதற்குப் பதில் எழுதவாவது அங்கே இரு.

அப்பா


செப்டம்பர் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதீர்கள், தெரிந்துகொண்டு எழுதலாம் என்று இருந்தேன். நேற்று பெரியவரின் முழங்கையில் அந்த நரம்பை நானே பிரித்தெடுத்தேன். இந்தத் தடவை மயங்கவில்லை! எலும்புக்குப் பின்னால், தோலுக்கு அடியிலேயே ஓடிச் சுண்டுவிரலுக்குப் போகிறது. முப்பது வருஷம் ஜன்னலில் முழங்கையை ஊன்றி ஓட்டினால் அது நசுங்காமல் என்ன செய்யும்? இனிமேல் அங்கே முழங்கையை வைக்காதீர்கள். விரலும் தோளும் தானாகச் சரியாகும். சிகரெட்டையும் விடுங்கள், சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

இதை எழுதும்போதுதான் நானும் டாக்டர் ஆவேன் என்று முதல்முறையாகத் தோன்றுகிறது. வீட்டுக்கு வரவில்லை.

உங்கள் டாக்டரம்மா


நவம்பர் 30

டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதத்தைக் கண்டக்டர் டிப்போவில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டிவிட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை. போன மாதப் பரிசோதனையில் டிப்போ டாக்டர் நெஞ்சைப் படம் எடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதினார். "சார், என் பொண்ணு நரம்பையே கையில எடுத்துப் பார்த்துச் சொல்லிட்டா, முழங்கைதான்" என்றேன். சீட்டைச் சட்டைப் பையில் வைத்ததோடு சரி.

மரப்பு இன்னும் விடவில்லை. கொஞ்சம் இளைத்திருக்கிறேன், அம்மா என் சட்டைகளைப் பிடித்துத் தைத்தாள். அந்தப் பக்கத்துக் கண் இமை வேறு பாதி மூடியே கிடக்கிறது. ஒரு கண் தூங்கினாலும் மறு கண் ரோட்டில்தான் இருக்கிறது, பயப்படாதே.

அப்பா


டிசம்பர் 8

அப்பா,

டிப்போவுக்கு மூன்று முறை போன் செய்தேன், வண்டியில் இருக்கிறார் என்றார்கள். இதைப் பார்த்ததும் அந்தச் சீட்டோடு ஓடுங்கள்.

நேற்று பெரியவரின் நெஞ்சைத் திறந்தோம். நுரையீரலின் உச்சியில் கல் மாதிரி ஒரு கட்டி. கைக்குப் போகும் நரம்புகள் அதற்குள் மாட்டியிருந்தன. நான் முழங்கையில் பிரித்தெடுத்த நரம்பும் அங்கிருந்துதான் இறங்குகிறது. "இவருக்கு முதல்ல சுண்டுவிரல்தான் மரத்திருக்கும், அப்புறம் இமை சரிஞ்சிருக்கும்" என்றார் ஆசிரியர். உங்கள் கடிதம் அப்போது என் கோட்டுப் பையில் இருந்தது.

அன்றைக்கு எனக்குக் கை மட்டும்தான் தெரியும் அப்பா. கை மட்டும் தெரிந்தவள் உங்களுக்குப் பதில் எழுதியிருக்கக் கூடாது.


ஜனவரி 14

என் கண்ணுக்கு,

படம் எடுத்தாயிற்று. பெரியவருக்கு இருந்ததுதான். "மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா?" என்று அம்மா கேட்டாள். டாக்டர் பேனாவை மூடிச் சட்டையில் குத்திக்கொண்டார். நீ ஒரு வரி எழுது.

அப்பா


மார்ச் 3

என் வாயாடிக்கு,

விரலில் பேனா நிற்கவில்லை. நான் சொல்லச் சொல்லக் கண்டக்டர் எழுதுகிறான். ஜனவரிக்குப் பிறகு இது மூன்றாவது கடிதம். நீ வகுப்புக்கே போவதில்லை என்று கல்லூரியிலிருந்து அம்மாவுக்குச் சொன்னார்கள். அங்கேயும் இல்லை, இங்கேயும் வரவில்லை. எங்கேதான் உட்கார்ந்திருக்கிறாய்?

நீ சொன்னது தப்பில்லை என்று நான் சொன்னால் நம்பமாட்டாய். தப்புத்தான். ஆனால் அன்றைக்கு எனக்கு விரல் அவ்வளவு மோசமாக இல்லை. உன்னை அங்கே நிறுத்திவைக்கத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அதை உன்னிடம் சொல்லாமல் போகக் கூடாது.

மருந்து கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள், வலிக்கு மட்டும் ஊசி. ஜன்னலோரக் கட்டில் கிடைத்திருக்கிறது, கீழே நம் ரூட் பஸ் போவது தெரிகிறது. நாள் முழுக்க அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். முழங்கையை மட்டும் ஜன்னலில் வைப்பதில்லை. நர்ஸ் கேட்டாள், என் டாக்டரம்மா வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள் என்றேன்.

அப்பா