கிரகணத்துக்குப் போட்ட லீவு

செவ்வாய், இரவு

சிதம்பரம் கல்லூரியில் பிள்ளைகளுக்குக் கிரகணக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தவள் நான்தான். இன்று லீவு போட்டுவிட்டு, கடலூர் வீட்டில் ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு கிடந்தேன். வயிற்றில் நான்கு மாதம். போன தடவை நான்கைத் தாண்டவில்லை.

சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கும் விண்கலத்தின் படங்கள் லேப்டாப்பில் வந்துகொண்டிருந்தன. சூரியக்காற்றின் வேகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆராய்ச்சி என்ற பெயரில் அதையே வெறித்துக்கொண்டிருந்தேன். அலுப்பாக இருந்தது.

கதவுக்கு வெளியிலிருந்து மாமியார் கேட்டார்.

"கிரகணம் வுட்டுச்சாம்மா? ஒல வைக்கணும். உன் விண்கலத்துல பாத்து சொல்லு."

"அது நிலாவுக்கும் அந்தாண்ட நிக்குது அத்தை, அங்கேருந்து கிரகணமே தெரியாது."

"சரி, நீ ஏன் உள்ளயே இருக்க? நான் ஒண்ணும் சொல்லலியே."

அவர் சொல்லவில்லைதான். தாழ்ப்பாளைப் போட்டது நான். பொழுது சாய்ந்து வெளியே முழுக்க இருட்டிய பிறகுதான் திறந்தேன்.