பிடுங்கிய குச்சி

வைகாசி 3, ஞாயிறு.

வாங்கவிருக்கும் கேமரா லென்ஸைத் தேர்வு செய்வதற்காக, பறவைகளைப் பற்றி மேடைதோறும் பேசும் நண்பருடன் குடவாசல் சென்றேன். உழவிருந்த வயலில் ஆட்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தது. அந்த இடத்தை விட்டுவிட்டு உழுவதற்காக, டிராக்டர் ஓட்டுநர் அடையாளத்துக்குக் குச்சி நட்டிருந்தார்.

"நானூறு மில்லிமீட்டர் போதும் சார். மிச்சத்துக்குக் கால் இருக்குல்ல, கிட்டப் போயிட்டாப் போச்சு" என்றபடி நண்பர் முட்டைகளை நெருங்கினார். படத்தில் உறுத்துகிறதென்று குச்சியைப் பிடுங்கினார்.

தேநீர் குடித்துத் திரும்பியபோது உழவு முடிந்திருந்தது. "குச்சி நட்டிருந்தேனே, யாருங்க புடுங்குனது?" என்றார் ஓட்டுநர். நண்பர் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவர் அனுப்பிய படம் மிகத் தெளிவாக இருக்கிறது. வரப்பிலிருந்தே எடுக்கக்கூடிய அறுநூறு மில்லிமீட்டர்தான் வாங்குவேன். அவரோடு இனிச் செல்லமாட்டேன்.

அவர் குச்சியைப் பிடுங்கியபோது, திரும்ப நடுவார் என்றெண்ணி, நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.